பொட்டி அவனுடையது

அந்தக் கம்ப்யூட்டரில் அவன் வாங்கியது வெளிக்கூடு மட்டும்தான். ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரிகிற கேபினெட். அதற்குள் இருந்த மதர்போர்டு, பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க், கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் என்னுடையவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்ததைக் கேட்கிறவர்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சிலர் இன்றைக்கும் அவன் பக்கம்தான்.

நான் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். ஸ்க்ரீனில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் என்பது ஒரு இழை. முடிந்த ஃபைலைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை தறிக்கு மேலே ஏறும், துளை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், புடவையில் பூவோ பறவையோ விழும். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு சாண் கரை முடியும். எங்கள் குடும்பத்தில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி. அப்பா ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். புடவை டிசைன் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. ஏனாத்தூர் பக்கம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தேன், கண்ணும் கையும் இருந்தன, அவ்வளவுதான் என்பேன்.

அவன் கல்லூரியில் என் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன். யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எனக்கு அது வராது. படிப்பு முடிந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்கு ஸ்க்ரூ போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருஷத்தில்தான் மதர்போர்டும் பிராசசரும் வாங்கினேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு என் கம்மலை விற்றேன். அம்மா கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கூடு மட்டும் யாரோ கழித்துப்போட்ட பழைய தகரக் கேபினெட். மூடி சரியாக உட்காராது, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். அதன் முன்னால் உட்கார்ந்துதான் டிசைன் போடக் கற்றுக்கொண்டேன்.

சேர்ந்து ஒரு டிசைன் சென்டர் வைக்கலாம் என்று அவன்தான் கேட்டான். அவன் மாமாவுக்குக் கோயில் பக்கத்தில் ஒரு கடை காலியாக இருந்தது. இடம் அவனுடையது, மெஷினும் வேலையும் என்னுடையது, வருவதைச் சரிபாதி என்று பேச்சு. திறப்பதற்கு முந்தின நாள் நான் போனபோது என் தகரக் கேபினெட்டைக் காணவில்லை. மேஜை மேல் அந்தக் கண்ணாடிப் பெட்டி மினுக்கிக்கொண்டிருந்தது. ஆள் வைத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றியிருந்தான். பழையது எங்கே என்றேன். பழைய இரும்புக்காரர் வந்தார், போட்டுவிட்டேன் என்றான். வருகிற பார்ட்டி பார்த்தால் மதிப்பாக இருக்க வேண்டாமா என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த விளக்கைப் பார்க்க எனக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வருஷம் ஓடியது. வெளியே அவன் பேசுவான், உள்ளே நான் போடுவேன். யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் "நம்ம ஆபரேட்டர்" என்பான். முதல் தடவை கேட்டபோது வாய் தவறி வந்தது என்று நினைத்தேன். பத்தாவது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். டிசைனை எல்லாம் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து வைக்கலாம், ஒன்று வாங்கு என்று பலமுறை சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்பான். கடைக்கு வெளியே போடுகிற பெயர்ப்பலகையை மட்டும் இரண்டு முறை மாற்றினான்.

என் அம்மாவுக்குத் தாமல் சொந்த ஊர். ஏரி நிரம்பியிருக்கிற மாதங்களில் போனால் கரையோரக் கட்டைகளில் நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும். மூழ்கி எழுந்து வந்து இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்கும். அசையாது. யாரோ ஈரச் சட்டையைக் கொடியில் போட்ட மாதிரி இருக்கும். அதைப் புடவைக் கரையில் கொண்டுவர எனக்கு ஆறு வாரம் ஆனது. சிறகு நுனி கட்டத்தில் உடைந்து உடைந்து தெரிந்தது. நாற்பது தடவையாவது அழித்திருப்பேன். கடைசியில் கறுப்புக்குப் பதில் அடர்ந்த மயில் கழுத்து நிறத்தில், சிறகு விளிம்புக்கு மட்டும் ஒற்றை ஜரிகை இழை கொடுத்தபோது பறவை எழுந்து உட்கார்ந்தது. யாரும் இல்லாத கடையில் தனியாகச் சிரித்தேன்.

காந்தி ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடை அந்தக் கரையை எடுத்துக்கொண்டது. எடுத்த எடுப்பில் ஓடியது. அந்தக் கடை முதலாளி வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தப் புடவைக்கும் அதே கை டிசைன் போட வேண்டும், போட்டவரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் கடை போட்ட ஒரு போட்டோவைப் போனில் பார்த்தேன். நீர்க்காகக் கரையை இரண்டு கையிலும் பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். கீழே டிசைனர் என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் போனைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ரொம்ப அக்கறையாகப் பேசினான்.

"அவங்க பெரிய வீடுமா. ஆச்சாரம் பாக்கறவங்க. எந்த ஊரு, யாரு என்னான்னு கேப்பாங்க. உன்னைக் கூட்டிக்கினு போயி அங்க உனக்குச் சங்கடம் ஆயிடக் கூடாதுன்னுதான் நான் மட்டும் போனேன்."

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் என் பெயரை எடுத்துக்கொண்டானாம். பிறகு என் மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. எழுந்து வந்து அந்தக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தான்.

"பொட்டி என்னுது. நான் வாங்கினது. இந்தக் கடைய விட்டு அதை எவ தூக்கறான்னு பாக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மீதி வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் வரைக்கும் புடவை உடம்பில் வருகிற மாங்காய்ப் புட்டா ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்து டீ வாங்கிக்கொடுத்தான். குடித்தேன்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை வரைக்கும் 'பொட்டி என்னுது' என்ற அந்த ஒரு வார்த்தை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டு விட்டுவிடு, வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். அம்மா எனக்குப் பொறுமை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கேபிளை முதலில் கழற்ற வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பாய் கடைக்குப் போனேன். எனக்கு முதல் ரேம் விற்றவர் அவர்தான். என் போர்டு எந்த அளவு, கார்டு எவ்வளவு நீளம் என்று கேட்டு, உட்காருகிற மாதிரி நாலைந்து கேபினெட்டை இறக்கிக் காட்டினார். நான் வெறும் கறுப்பு இரும்பில் ஒன்றைத் தொட்டேன்.

"கண்ணாடி வச்சது வேணாமாம்மா? இப்ப எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

வேண்டாம் பாய், மூடி ஒழுங்காக மூடினால் போதும் என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, தெர்மல் பேஸ்ட் டியூப் ஒன்றையும் ஒரு கொத்து கேபிள் டையையும் அவராகவே பைக்குள் போட்டார். கழற்றப்போகிறாய் என்றால் பேஸ்ட் புதுசாகப் போடு, பழையது காய்ந்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமையை நான் யோசித்துத்தான் எடுத்தேன். அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் கடையில் ஆள் இருக்கும். அவன் தனியாக இருக்கிறபோது செய்தால் அதற்கு ஒரு கதை கட்டிவிடுவான். நாலு பேர் பார்க்க வேண்டும். அப்பாவிடம் கடைக்கு எதிரில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் இருக்கச் சொன்னேன். சண்டையா என்றார். இல்லை, சாமான் ஏற்ற வேண்டும் என்றேன்.

நான் உள்ளே போனபோது காந்தி ரோட்டுக் கடையின் மேனேஜர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் தறி வைத்திருக்கிற இரண்டு பேர். அவன் வாயிலிருந்து வார்த்தை சரம் சரமாக வந்துகொண்டிருந்தது. நான் மெஷினை ஆஃப் செய்து ப்ளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைப் படுக்கவைத்தேன். உடம்பில் கரண்ட் தங்கியிருந்தால் போர்டு போய்விடும் என்பதால் இரும்பில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தேன். பிறகு கண்ணாடிப் பக்கத்தின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, தூசி தட்டுகிறாள் என்று மேனேஜரிடம் சொன்னான்.

கிராஃபிக்ஸ் கார்டை முதலில் எடுத்தேன். அதன் சொந்த அட்டைப்பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன், அதில் வைத்தேன். அடுத்து ரேம் இரண்டு. அடுத்து டிஸ்க். டிஸ்கை எடுக்கும்போதுதான் அவன் பேச்சு நின்றது. என்ன பண்ணுகிறாய் என்றான். நான் பதில் சொல்லாமல் எஸ்.எம்.பி.எஸ். ஒயர்களை உருவினேன். கிட்டே வந்தான். கையைப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் வைத்திருந்தேன். அதை மேனேஜர் பக்கம் நகர்த்தி, எல்லாம் என் பெயரில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். அவர் கவரைத் தொடவில்லை. ஆனால் காலை மடித்து நேராக உட்கார்ந்தார். போர்டைக் கடைசியில் தூக்கினேன். ஒன்பது ஸ்க்ரூ. அவை கேபினெட்டோடு வந்தவை. ஒவ்வொன்றாக அதன் இடத்திலேயே திரும்பப் போட்டேன். செல்போன் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு செய்த வேலை, இப்போது உதவியது. கண்ணாடியைத் திரும்ப மாட்டி, என் துப்பட்டாவால் துடைத்து, பெட்டியை நிமிர்த்தி அவன் மேஜை நடுவில் வைத்தேன்.

"இந்தா, உன் பொட்டி. ஒரு ஸ்க்ரூ கூட நான் எடுக்கல."

பிறகு மேனேஜரிடம் திரும்பி, நீர்க்காகக் கரை நான் போட்டது என்று மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. அட்டைப்பெட்டிகளை இரண்டு நடையாகத் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தேன். இரண்டாவது நடையில் அவன் அந்தக் கேபினெட்டின் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எதை நினைத்து அழுத்தினானோ தெரியவில்லை. உள்ளே கரண்ட் கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் விரலைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பு எனக்கு வந்ததில்லை என்றால் அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து, தரையில் பெட்ஷீட் விரித்து, புதுக் கேபினெட்டைப் படுக்கவைத்து மாட்ட ஆரம்பித்தேன். பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தேன். முன்பக்கத்துப் பட்டனிலிருந்து வருகிற பொடி ஒயர்களைப் புத்தகம் பார்த்துச் சொருகினேன். எல்லாம் முடிய மத்தியானம் ஆனது. பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். ஒரு சுற்று, நின்றது.

நான் பெட்ஷீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கழற்றிய வேகத்தில் போர்டை அடித்துவிட்டேனா, ஆட்டோவில் குலுங்கிப் போய்விட்டதா என்று எதையும் சரியாக யோசிக்க முடியவில்லை. மூன்று வருஷத்து டிசைனை விட, கம்மலை விட, அவன் இதைக் கேள்விப்பட்டால் எப்படிச் சிரிப்பான் என்பதுதான் முன்னால் நின்றது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். தன் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தால் அன்றைக்குக் கத்தியிருப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. போர்டை வெளியே எடுத்து, அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, கூடு இல்லாமலே ஒயர்களை மாட்டினேன். பட்டனுக்குப் பதில் போர்டில் பட்டன் ஒயர் சொருகுகிற இரண்டு ஊசியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டேன். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியானால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு கூட்டில். கேபினெட்டின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டு உட்காருவதற்குப் பித்தளைத் திருகுகள் இருக்கும். கம்பெனியில் முன்கூட்டியே மாட்டி அனுப்பியவற்றில் ஒன்று, என் போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அடியில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் குறடால் பிடித்துக் கழற்றினேன். மறுபடி போர்டை உட்காரவைத்து அழுத்தியபோது ஸ்க்ரீன் வந்தது, என் ஃபைல்கள் வந்தன. அப்புறம்தான் அழுதேன்.

அடுத்த நாலு நாள் அவனிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை. எதற்குக் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். காப்பி எடுக்காத டிசைன் எல்லாம் என் டிஸ்கில் இருந்தது. பாதியில் நிற்கிற ஆர்டர் எத்தனை என்பதும் தெரியும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்கு ருசியாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெய்கிற அக்கா ஒருவர் வீடு தேடி வந்தார். எனக்குப் பழக்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், என்னிடம் தமிழில் பேசுவார். ஐயம்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் வீடு என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பொடவை உடம்பு முடிஞ்சி முந்தி ஆரம்பிக்கணும். அட்டை வரல. அஞ்சு நாளா தறி சும்மா நிக்குது. உங்க ரெண்டு பேரு சண்டையில என் தறி என்னாமா பண்ணுச்சு?"

அவருடைய முந்தி டிசைன் என் டிஸ்கில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே நினைவு வந்தது. இந்த அக்கா போய் அவனை நெருக்குவார், அவன் திணறுவான் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். உடனே மெஷினைப் போட்டு ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி, அப்பாவின் ஆட்டோவிலேயே அவரோடு அட்டை குத்துகிற இடத்துக்குப் போனேன். இறங்கும்போது அடுத்த புடவைக்கு உன்னிடமே நேராக வருகிறேன் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்று சாயங்காலமே மற்றவர்களுக்குப் பாதியில் நின்ற ஆர்டர்களையும் யார் யாருக்கு எது என்று பார்த்து அனுப்பிவிட்டேன். அவனுக்கு அனுப்பவில்லை. தறிக்காரர்களுக்கு நேராக.

அதனால் அவன் அழிந்துபோகவில்லை. நான் எதிர்பார்த்தேன், நடக்கவில்லை. மாமா உதவியில் வேறு மெஷின் வாங்கினான், வேறு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தான். கடை ஓடுகிறது.

ஆனால் மூன்று மாதம் கழித்து ஒன்று நடந்தது. அந்த ஜவுளிக்கடைக்கு நீர்க்காகக் கரை அகலமாக வேண்டியிருந்தது. அவனிடம் இருந்தது பழைய அட்டை மட்டும்தான். அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள் போல, பறவை கோழி மாதிரி வந்திருக்கிறது. மேனேஜர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். முதலாளி மகன் காரில் எங்கள் தெருவுக்கு வந்தார். அறைக்குள் வந்து ஸ்க்ரீனில் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்மாவைக் காப்பி போடச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் போடச் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. காப்பி வந்தது, அவர் முன்னால் வைத்தேன். கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தேன். அவருக்குப் புரிந்தது. எடுத்து மெதுவாக, முழுசாகக் குடித்தார். அப்புறம்தான் ஃபைலைத் திறந்தேன். போடுகிறேன், ஆனால் போட்டவள் யார் என்று உங்கள் கடை போனில் போட்டோ போடுகிற பக்கத்தில் என் பெயரோடு வர வேண்டும் என்றேன். வந்தது. இரண்டு நாள் இருந்தது, பிறகு அடுத்த அடுத்த போட்டோக்களில் கீழே போய்விட்டது. நான் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் பாய் கடையில் அவனைப் பார்த்தேன். நான் விசிறி ஒன்று மாற்ற வாங்கப் போயிருந்தேன். அவன் வெளி டிஸ்க் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தப்பித்துப் போக இடம் இல்லாத சின்னக் கடை. நன்றாக இருக்கிறாயா என்று கேட்டான். இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னிக்கு நீ எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணியிருக்க வேணாம்."

"அவங்க வர்றதுக்குத்தான் நான் ரெண்டு நாளு காத்துக்கினு இருந்தேன்."

பாய் ஒன்றும் கேட்காத மாதிரி ரசீது புத்தகத்தைத் தேடினார். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மன்னிப்பு மாதிரி இருந்தது, இல்லாமலும் இருக்கலாம். அதைக் கேட்க நான் நிற்கவில்லை. விசிறியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஐயம்பேட்டைப் பக்கம் போகிற முதல் ஆட்டோவில் ஏறினேன்.